அலமாரிக்கு இரண்டு சீட்டு

வேர்க்கடலை என்ற பெயர் அவருக்கு அகராதி அலுவலகத்தில் கிடைத்தது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார். தோண்டியதை உரித்து நாலு பேர் வாயில் போடாமலும் விடமாட்டார். பெயர் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிட்டது. அப்புறம் அது வீடுவரைக்கும் நடந்து வந்துவிட்டது. நல்ல மனநிலையில் இருந்தால் மனைவி "என்னங்க" என்பாள், கோபம் வந்தால் "வேர்க்கடலை" என்பாள். கடந்த இரண்டு வருஷமாக அவர் காதில் அதிகம் விழுந்தது இரண்டாவதுதான்.

அலுவலகத்தில் எல்லாமே சீட்டில் நடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் சீட்டு. இடது மூலையில் சொல், அதன் கீழே நாலே வரியில் விளக்கம், அடியில் எழுதியவர் கையெழுத்து. ஐந்தாவது வரி தலைகாட்டினால் தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா சீட்டையே கிழித்துப் போட்டுவிடுவார். எப்பேர்ப்பட்ட வாதத்தையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிற அந்த அம்மாவுக்கு முற்றுப்புள்ளி என்று பட்டப்பெயர். அதை அவர் முன்னால் சொல்லும் தைரியம் இதுவரை யாருக்கும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படிச் சீட்டு எழுதி எழுதி, வேர்க்கடலைக்கு வேறு விதமாக எழுதவே வராமல் போயிற்று. காய்கறிக் கடைக்கு அவர் கொண்டுபோகும் பட்டியலைப் பார்க்க வேண்டும். 'கத்தரிக்காய், பெயர்ச்சொல்: காய்கறி வகை. ஊதா நிறம். அரைக் கிலோ.' அடியில் கையெழுத்து வேறு.

"சார், இன்னிக்குப் பச்சைதான் இருக்கு. அதுவும் காய்கறி வகையில சேருமா?" என்று கடைக்காரர் வாராவாரம் கேட்பார். இவரும் வாராவாரம் நின்று பதில் சொல்லுவார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த மச்சான் ஒரு தச்சர். மனைவியின் அண்ணன். சாய்வு பார்க்கும் கருவியின் பெயரை வைத்து அவரைப் பட்டறையில் ரசமட்டம் என்பார்கள். எங்கே எது அரை விரல் சாய்ந்திருந்தாலும் அவர் தலையும் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன் தங்கை வீட்டுக்கென்று அவர் ஒரு புத்தக அலமாரி செய்து கொண்டுவந்து வைத்தார். ஓர் ஆணி கிடையாது, திருகு கிடையாது. பல்லும் குழியுமாக மரத்தோடு மரம் பூட்டிய வேலை. சும்மா சொல்லக்கூடாது, பார்த்தவர்கள் எல்லாம் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

வேர்க்கடலை அதில் புத்தகம் அடுக்கினார். அவரிடம் இருப்பது கதைப் புத்தகமா, காற்றில் பறக்க? ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும் அகராதிகள். நாலே வாரத்தில் நடுத்தட்டு வளைந்து தொங்கியது. மச்சானுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லாமல், எங்கோ கிடந்த ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, இஞ்சி தட்டுகிற கல்லால் ஆறு ஆணியை அடித்து இறக்கினார். அதில் இரண்டு கோணிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. அடுத்த வாரம் வந்த மச்சான், காப்பியை ஒரு வாய் குடித்தார், அலமாரியைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார், போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வாசல்படியை மிதிக்கவில்லை.

நடுவில் மாட்டிக்கொண்டவள் தங்கைதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து அண்ணனைப் பார்க்கப் போவாள். "உன் வீட்டுக்காரர் எப்படி இருக்காரு" என்று அங்கே கேள்வி, "உங்க அண்ணன் எப்படி இருக்காரு" என்று இங்கே கேள்வி. இரண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலித்துவிட்டது.

அகராதியின் புதுப் பதிப்பு வேலை அப்போது 'அல'வில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக வேர்க்கடலை அலமாரியைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை.

"இரும்புல இருந்தா பீரோ, மரத்துல இருந்தா அலமாரி. இதுக்குப் போய் மூணு நாளா?" என்றாள் மனைவி, சாப்பாட்டை நகர்த்தி வைத்து.

"பீரோ மட்டும் நம்ம சொல்லா? அது பிரெஞ்சு. முதல்ல மேசை மேல விரிக்கிற முரட்டுத் துணிக்குத்தான் அந்தப் பேரு. துணியிலேருந்து மேசைக்கு ஏறிச்சு, மேசையிலேருந்து அலுவலகத்துக்கே தாவிருச்சு. நம்மகிட்ட வந்து இரும்புப் பெட்டியா நின்னுருச்சு. அலமாரி கதை இன்னும் பெருசு. கப்பல்ல வந்தது. போர்த்துக்கீசியர்…"

"நிறுத்துங்க." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இவ்ளோ அலமாரி அலமாரின்னு உருகறீங்களே, உங்க சீட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில கிடக்கு. அண்ணன்கிட்ட ஒரு அலமாரி செய்யச் சொல்லுங்க. செஞ்சா கொண்டு வந்து வைக்க அவரு இங்க வந்துதானே ஆகணும்? நீங்களே கைப்பட எழுதுங்க. அளவும் எழுதுங்க, மன்னிப்பும் எழுதுங்க. இதுவும் நடக்கலேன்னா, சத்தியமா நான் இனிமே ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க மாட்டேன்."

அவள் சத்தியம் என்கிற வார்த்தையை எடுத்தால் விளையாட்டில்லை. வேர்க்கடலை உட்கார்ந்து எழுதினார். பதினோரு சீட்டைக் கிழித்துப்போட்டு, பன்னிரண்டாவதை முடித்தார். அளவு இரண்டு வரி, மன்னிப்பு இரண்டு வரி. ஐந்தாவது வரி அவருக்குத் தெரியவே தெரியாது. மூலையில் பழக்க தோஷத்தில் 'அலமாரி, பெயர்ச்சொல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். காலையில் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைவரை காத்திராமல் அவள் அன்றைக்கே அதைப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். அலுவலகம் போனதும் இன்னொரு மடித்த சீட்டை எடுத்துத் தட்டில் போட்டார். அது முந்தின நாள் அகராதிக்கென்று எழுதியது. அதன் மூலையிலும் 'அலமாரி'தான், அடியிலும் அதே கையெழுத்துதான். அவர் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை.

நாலு நாள் கழித்துத் திங்கட்கிழமை. அச்சுப்படிகளை வாசிக்கும் நாள். நீள மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, முற்றுப்புள்ளி அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தார். 'அலங்கோலம்' போயிற்று, 'அலட்சியம்' போயிற்று.

"அலமாரி. பெயர்ச்சொல். உயரம் ஆறரை அடி, அகலம் நாலடி. தட்டு ஐந்து, நடுத்தட்டு கனம் தாங்க வேண்டும். மச்சான், அன்றைக்கு ஆணி அடித்தது என் தப்பு, உங்களைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வராமல் வீடு நன்றாக இல்லை, வாருங்கள்."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தட்டச்சு செய்கிற பெண் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சீட்டில் இருப்பது அச்சில் வரும், யோசிப்பது தன் வேலையில்லை என்பது அவளுடைய கொள்கை. அப்புறம் யாரோ ஒருவர் இருமினார், இன்னொருவருடைய தோள் குலுங்கியது, அவ்வளவுதான், அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

வேர்க்கடலைக்குச் சிரிப்பு வரவில்லை. இது இங்கே இருக்கிறதென்றால் மச்சான் கையில் இருப்பது எது? அவர் கண் முன்னால் அந்தச் சீட்டு வரிவரியாக வந்து நின்றது. 'அலமாரி, பெயர்ச்சொல்: தட்டும் கதவும் உள்ள மரப்பெட்டி. போர்த்துக்கீசிய அர்மாரியோ, அதற்கு முன் லத்தீன் அர்மாரியம். அர்மா என்றால் ஆயுதம். ஆயுதம் வைக்கும் இடம் என்பது மூலப்பொருள். வழியில் ரகரம் லகரமாயிற்று.'

முப்பது வருஷமாக அலமாரி செய்கிற தச்சருக்கு, அலமாரி என்றால் தட்டும் கதவும் உள்ள மரப்பெட்டி என்று எழுதி அனுப்பியிருக்கிறார்! அதுவும் ஆணி அடித்த கையால். போதாக்குறைக்கு ஆயுதம் என்று வேறு.

முற்றுப்புள்ளி அம்மா மூலச் சீட்டைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். "விளக்கத்துல குறை ஒண்ணும் இல்ல. அனுப்பின இடம்தான் தப்பு. ஓடுங்க."

வேர்க்கடலை ஓடினார். வாழ்க்கையில் அவர் எந்த பஸ்ஸுக்கும் அப்படி ஓடியதில்லை. பட்டறை அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி. வாசலில் மரத்தூள் கணுக்கால்வரை கிடந்தது. உள்ளே பாலிஷ்காரர் ஒரு கட்டில் காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் எங்க?"

"நீங்கதான் அந்தச் சீட்டுக்காரரா?" பாலிஷ்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அடேயப்பா! அன்னிக்கு அதப் படிச்சதும் எங்க ஆளு மூஞ்சி செவந்ததப் பாக்கணுமே. எனக்கே அலமாரின்னா என்னன்னு பாடம் எடுக்கறாரான்னு தூக்கி மரத்தூள்ல போட்டாரு. அப்புறம் என்ன தோணுச்சோ, தானே எடுத்து ஊதி, செவுத்துல குத்தி வச்சாரு. நாலு நாளா இங்க வேலையே ஓடல, போங்க. இந்தா பாருங்க."

சுவரோரமாக ஒரு பலகைத்துண்டு சாத்தியிருந்தது. அதில் பென்சிலால் ஆளுக்கொரு எழுத்தில் என்னென்னவோ எழுதியிருந்தார்கள். பாலிஷ்காரர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். "இது நான் எழுதினது. எங்க ஹிந்தியில அல்மாரி. இது ரம்பக்காரர், அவருக்குச் சிங்களம், அல்மாரியன்னு சொல்றாரு. துறைமுகத்துலேருந்து மரம் ஏத்திட்டு வர்ற லாரிக்காரர் இந்தோனேசியாக்காரர், லெமாரின்னு எழுதிட்டுப் போனாரு. நேத்து நாற்காலி வாங்க வந்த நர்ஸம்மா ஸ்பானிஷாம், அர்மாரியோன்னாங்க. அது எப்படி சார், ஆளாளுக்கு ஊரு வேற, பாஷை வேற, அலமாரி மட்டும் ஒரே அலமாரியா?"

வந்த காரியம் வேர்க்கடலைக்கு மறந்துபோயிற்று. அப்படியே குனிந்து பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டார். "பாத்தீங்களா, நர்ஸம்மா சொன்னதுல ர அப்படியே நிக்குது. நமக்கெல்லாம் ல ஆயிருச்சு. அங்கேயே சில பேரு வாயில அல்மாரியோன்னு புரண்டிருக்கு, அதுதான் கப்பல்ல ஏறி வந்து துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கிருக்கு. லெமாரியில முன்னாடி இருந்த அகரமே உதிர்ந்து போச்சு பாருங்க, பிரெஞ்சுல ஆர்முவார்னு…"

"சார், மச்சானத் தேடித்தானே வந்தீங்க?"

அவர் துள்ளி எழுந்தார். "எங்க அவரு?"

"சீட்ட எடுத்துட்டு உங்க வீட்டுக்குத்தான் கெளம்பினாரு. ஒரு வார்த்தை பேசல."

"கையில என்ன இருந்துச்சு? சுத்தியல் கித்தியல்…"

"அது எப்பவும் இடுப்புல இருக்குமே."

திரும்ப ஓட்டம். பஸ் பிடித்து வீட்டுப் படியேறினார். கதவைத் திறந்த மனைவியின் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத ஒரு பளபளப்பு.

"என்னங்க, அண்ணன் வந்திருக்காரு!" என்றாள் குரலை அடக்கி. "காப்பி குடுத்தேன். முழுசாக் குடிச்சிட்டாரு!"

உள்ளறையில் மச்சான் ஒரு ஸ்டூலின்மேல் நின்று, வெறும் சுவரில் டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் தலை லேசாகச் சாய்ந்தது.

"வாங்க மாப்ள. சீட்டு வந்துச்சு. மொதல்ல எனக்குக் கோவம் வந்தது நெசம்தான். அப்புறம் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அலமாரி கேக்கறாரு, லத்தீன் ஆயுதம்னு என்னென்னமோ எழுதியிருக்காரு, அளவு மட்டும் எழுதல. நம்ம மாப்ள அளவு எழுத மறக்கற ஆளா? அரைக் கிலோ கத்தரிக்காய்க்கே ரசீது மாதிரி எழுதறவரு. அப்பதான் புரிஞ்சுது. வந்து நீயே அளந்துக்கோன்னு கூப்பிடறாரு."

வேர்க்கடலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் தானாக நடந்து முடிந்துவிடும். கதவோரம் நின்ற மனைவி சந்தோஷத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு மாப்ள, அந்த ஆயுதம் சமாச்சாரத்த எங்க பட்டறையில ஒருத்தனும் ஒத்துக்கல. கத்தி வைக்கப் பொட்டி செய்யணும்னா முதல்ல சுத்தியலும் உளியும் வேணும். அப்ப எது முதல்ல வந்திருக்கும்? சுத்தியல் வைக்கிற பொட்டிதானே?"

வேர்க்கடலை வாய் பிளந்தார். அர்மா என்ற லத்தீன் சொல்லுக்குக் கருவி, தட்டுமுட்டுச் சாமான் என்றும் பொருள் உண்டு. அவருக்கே தெரியும். ஐந்தாவது வரி வந்துவிடுமே என்று அதை வெட்டிப் போட்டிருந்தார். அகராதி படிக்காத மனுஷன் ரம்பத்தையும் உளியையும் வைத்துக்கொண்டு அதைப் பிடித்துவிட்டார்.

"மச்சான், நீங்க சொல்றது சரி! கருவிங்கற பொருளும் இருக்கு. நான்தான் விட்டுட்டேன். இன்னும் அடியில போனா, ஒண்ணோட ஒண்ணப் பொருத்தறதுன்னு ஒரு வேர் இருக்கறதாச் சொல்றாங்க. கிரேக்கத்துல அதே வேர்ல வந்த சொல்லு ஒண்ணு, மரத்துல போடற பொருத்துக்கே பேரு."

"அப்படிச் சொல்லுங்க! எங்க வேலைலேருந்து வந்த சொல்லத் தூக்கிச் சிப்பாய்க்குக் குடுத்துட்டீங்க." மச்சான் ஸ்டூல் ஆடச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வேர்க்கடலையைப் படுத்திவிட்டது. அவர் பொய்யான விளக்கத்தை ஒருநாளும் தட்டில் போட்டதில்லை. இப்போது போட்டால் இந்தச் சிரிப்பை அவரால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். மனைவி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள்.

"மச்சான், ஒரு உண்மையச் சொல்லிடறேன். அந்தச் சீட்டு உங்களுக்கு எழுதினதே இல்ல. மாறிப் போச்சு. உங்களுக்கு எழுதினது இது."

மச்சானின் சிரிப்பு நின்றது. "கை ரெண்டும் டேப்புல இருக்கு. நீங்களே படிங்க."

ஆயிரக்கணக்கான சீட்டுகளை வாசித்த குரல், அன்றைக்கு முதல் சொல்லிலேயே தடுமாறியது. உயரம் வந்தது, அகலம் வந்தது. மச்சான் ஒவ்வொரு அளவுக்கும் "ம்" கொட்டினார். நடுத்தட்டு வந்ததும் அந்த "ம்" வரவில்லை. வேர்க்கடலை நிறுத்தினார். மிச்ச இரண்டு வரியையும் சீட்டைப் பார்க்காமல், மச்சானைப் பார்த்துச் சொன்னார். எழுத்துத் தமிழ் எங்கோ போய்விட்டது.

"ஆணி அடிச்சது என் தப்பு மச்சான். உங்களக் கேட்டிருக்கணும். நீங்க வராம இந்த வீடு நல்லாவே இல்ல."

டேப் கையிலிருந்து நழுவிச் சுருண்டு தன் டப்பாவுக்குள் போய்விட்டது. மச்சான் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஆணிக்காகவா நான் வராம இருந்தேன்? ஆணியப் புடுங்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? பலகை வளைஞ்சு நின்னுச்சே மாப்ள, அதப் பாத்துத்தான் எந்திரிச்சுப் போனேன். என்ன வைக்கப் போறாங்க, எவ்ளோ கனம்னு கேக்காம, கைவேலையக் காட்டணும்னு மெல்லிசாப் பலகை போட்டது நான். தப்பு என்னோடது. நீங்க முட்டுக் குடுத்துக் காப்பாத்தி வச்சிருந்தீங்க. அந்த வெக்கத்துலதான் இந்தப் பக்கமே வரல. வராம இருக்க இருக்க, வர்றது இன்னும் கஷ்டமாப் போச்சு."

வேர்க்கடலை சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

மனைவி கதவோரத்திலிருந்து நேராக ஸ்டூலுக்கு வந்தாள். "ஏண்ணா, இத என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? ரெண்டு வருஷம்!"

"உன்கிட்டதாம்மா சொல்லவே முடியல. ஊரார் வீட்டுல செஞ்சது வளைஞ்சா திருப்பி எடுத்துட்டுப் போய் வேற செஞ்சு குடுப்பேன். தங்கச்சி வீட்டுல வளைஞ்சா நான் எங்க போய் ஒளியறது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் முதுகில் ஓர் அடி போட்டாள். இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்த அடி, ஸ்டூலே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வேர்க்கடலை பாய்ந்து போய் மச்சானின் இரண்டு காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மாப்ள, விழ மாட்டேன்" என்றார் மச்சான். இவர் விடவில்லை.